மார்ட்டின் லூதர் கிங் நாள்: லீவா, வேலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் வருடா வருடம் ஒரே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை ஸ்கூல் உண்டா, கம்பெனியில் ஏதோ சேவை நாள் என்கிறார்களே அது கட்டாயமா, கிங்குக்கும் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்கா வந்த புதிதில் நானும் இதையெல்லாம் கேட்டவன்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த நாள் எப்போது வருகிறது?

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை. தேதி 15இலிருந்து 21க்குள் எதுவாகவும் இருக்கலாம்.

அவர் பிறந்தது ஜனவரி 15 அல்லவா? ஏன் திங்கட்கிழமை?

ஆமாம், 1929 ஜனவரி 15, ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் பிறந்தார். ஆனால் 1971இலிருந்தே வாஷிங்டன் பிறந்தநாள் உட்படச் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடும் வழக்கம் இங்கே சட்டமாகவே இருக்கிறது. சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. கிங் நாளையும் அதே மாதிரி வைத்தார்கள். இதனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் அதிபர் பதவியேற்பு விழா சில சமயம் இந்த நாளோடு மோதிக்கொள்ளும். 1997இல் கிளின்டன், 2013இல் ஒபாமா, 2025இல் டிரம்ப் என்று மூன்று பேரின் விழா கிங் நாளன்று நடந்திருக்கிறது.

கிங் யார்? பெயர் தெரியும், "எனக்கொரு கனவு" பேச்சு தெரியும். மற்றபடி?

பலருக்கும் அவ்வளவுதான் தெரியும் என்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் ஒரு பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1955 டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானார். கறுப்பின மக்கள் பேருந்தையே புறக்கணித்தார்கள். 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள், கார்களில் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியபோது கிங்குக்கு வயது 26. அப்புறம் 1963இல் பர்மிங்காம் சிறைவாசம், வாஷிங்டன் பேரணி. 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது, அதே வருடம் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 1965இல் அலபாமாவின் செல்மா நகரிலிருந்து வாக்குரிமை கேட்டு நடைப்பயணம், அதே வருடம் வாக்குரிமைச் சட்டம். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் ஒரு விடுதி மாடத்தில் நின்றுகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.

எதற்காக மெம்பிஸ் போயிருந்தார் என்பதுதான் இந்தப் பக்கத்துக்கு முக்கியம். அதற்குக் கீழே வருகிறேன்.

அவ்வளவு பெரிய தலைவர் என்றால் உடனே விடுமுறை அறிவித்திருப்பார்களே?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். பதினைந்து வருடம் ஆனது.

கொலை நடந்த நாலாம் நாளே மிச்சிகனைச் சேர்ந்த ஜான் கான்யர்ஸ் என்ற உறுப்பினர் பிரதிநிதிகள் அவையில் மசோதாவைக் கொண்டுவந்துவிட்டார். அது கிடப்பில் போடப்பட்டது. அவர் விடாமல் மறுபடி மறுபடி கொண்டுவந்துகொண்டே இருந்தார். 1979இல்தான் ஒருவழியாக வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது, ஐந்து ஓட்டில் தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு அடிக்கடி அடிபட்டன. அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு இன்னொரு நாள் லீவு விட்டால் செலவு அதிகம் என்பது ஒன்று. எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு தனிமனிதருக்குத் தேசிய விடுமுறையா என்பது இன்னொன்று.

கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் விடவில்லை. ஊர் ஊராகப் போனார், நாடாளுமன்றக் குழுக்கள் முன் சாட்சி சொன்னார், கையெழுத்து இயக்கம் நடத்தினார். இதில் எதிர்பாராத துணை பாடகர் ஸ்டீவி வொண்டர். 1980இல் வெளியான அவருடைய இசைத்தட்டில் "ஹேப்பி பர்த்டே" என்று ஒரு பாட்டு இருந்தது. இங்கே கறுப்பினக் குடும்பங்களில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது இன்றைக்கும் பாடுவது அந்தப் பாட்டைத்தான். அது பிறந்தநாள் வாழ்த்து மட்டும் இல்லை. கிங்குக்கு ஒரு நாள் ஒதுக்குவதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று நாட்டைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. அறுபது லட்சம் கையெழுத்து சேர்ந்தது.

1983இல் இந்தியானாவைச் சேர்ந்த கேட்டி ஹால் கொண்டுவந்த மசோதா பிரதிநிதிகள் அவையில் 338க்கு 90 என்று நிறைவேறியது. செனட்டில் வட கரோலைனா உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் வழிமறித்தார். கிங்குக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு இருந்தது என்று சொல்லி ஒரு கட்டுக் காகிதத்தை அவையில் வைத்தார். நியூயார்க் உறுப்பினர் மாய்னிஹன் அதைத் தரையில் விட்டெறிந்தார். கடைசியில் அக்டோபர் 19 அன்று 78க்கு 22 என்று நிறைவேறியது. முதலில் தயங்கிய அதிபர் ரீகன் நவம்பர் 2 அன்று வெள்ளை மாளிகை ரோஜாத் தோட்டத்தில், கொரெட்டா பக்கத்தில் நிற்க, கையெழுத்துப் போட்டார். முதல் கிங் நாள் 1986 ஜனவரி 20.

அத்தோடு சரி, எல்லா மாநிலமும் ஏற்றுக்கொண்டதா?

இல்லை. மத்திய அரசின் விடுமுறை மத்திய அரசு அலுவலகங்களுக்குத்தான் பொருந்தும். மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட வேண்டும். இதில் அரிசோனா கதை கொஞ்சம் நீளமானது, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.

அங்கே ஓர் ஆளுநர் உத்தரவு போட்டு விடுமுறை அறிவித்தார். அடுத்து வந்த ஆளுநர் 1987இல் அதை ரத்து செய்தார். 1990இல் மக்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டார்கள், தோற்றது. அமெரிக்கக் கால்பந்து லீக் நிர்வாகம் 1993 சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை அரிசோனாவில் நடத்துவதாக இருந்தது. நீங்கள் கிங்குக்கு நாள் தரவில்லை, நாங்கள் உங்களுக்கு ஆட்டம் தரவில்லை என்று அதைக் கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஓட்டல், டாக்ஸி, விளம்பரம் என்று கோடிக்கணக்கில் வரவேண்டிய வருமானம் போனது. 1992இல் மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள், இந்த முறை ஜெயித்தது. மனசாட்சி பாதி, பர்ஸ் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஹாம்ப்ஷயர் 1999 வரை கிங் பெயரைப் போடாமல் "குடிமை உரிமை நாள்" என்றே வைத்திருந்தது. 2000இல்தான் தென் கரோலைனா எல்லா மாநில ஊழியருக்கும் இதைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆக்கியது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இன்னொரு வேடிக்கை: அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி ராபர்ட் லீ பிறந்ததும் ஜனவரிதான். அங்கே இன்றும் ஒரே திங்கட்கிழமை இருவருக்கும் சேர்த்து விடுமுறை.

சேவை இதில் எங்கே வந்தது?

1983 சட்டத்தில் சேவை பற்றி ஒன்றும் இல்லை. அது வெறும் விடுமுறைதான். பத்து வருடத்துக்குள் அது மூன்று நாள் வார இறுதியாகவும், மெத்தைக் கடைத் தள்ளுபடியாகவும் மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்து இரண்டு பேர் கவலைப்பட்டார்கள். ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜான் லூயிஸ், பென்சில்வேனியாவின் செனட்டர் ஹாரிஸ் வொஃபர்ட். 1994இல் இவர்கள் கொண்டுவந்த சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதன்படி கிங் நாள் தேசிய சேவை நாளும் ஆனது. இப்போது அமெரிகார்ப்ஸ் என்ற மத்திய அரசு அமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது.

இந்த இரண்டு பேரும் சும்மா வந்தவர்கள் இல்லை. 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர் லூயிஸ். வொஃபர்ட் 1940களின் கடைசியில் இந்தியாவுக்குப் போய் காந்தியின் வழியைப் படித்துவிட்டு வந்து, அதைப் பற்றி மனைவியோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர், கிங்கின் நண்பர். கிங்கை நினைக்க வேண்டுமென்றால் சாய்ந்து உட்கார்ந்து நினைக்கக் கூடாது, எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்பது இவர்கள் வாதம். லீவு நாள் அல்ல, வேலை நாள் என்ற பொருளில் இங்கே சுவரொட்டிகளில் பார்க்கும் வாசகம் அதிலிருந்து வந்ததுதான். மத்திய அரசு விடுமுறைகளில் தேசிய சேவை நாள் என்று சட்டமே சொல்வது இது ஒன்றைத்தான்.

ஃபிலடெல்ஃபியாவில் 1996 முதல் நடக்கும் நிகழ்ச்சி மிகப் பெரியது. பல வருடங்களாக அதன் மையம் ஜிரார்ட் கல்லூரி. பெயர்தான் கல்லூரி, உண்மையில் உறைவிடப் பள்ளி. அதை நிறுவிய செல்வந்தர் தன் உயிலில் ஏழை வெள்ளை ஆண் அநாதைகளுக்கு மட்டும் என்று எழுதிவைத்துவிட்டார். சுற்றிலும் உயரமான கல் மதில், மதிலைச் சுற்றிக் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1965இல் மாதக்கணக்கில் அந்த மதிலுக்கு வெளியே மறியல் நடந்தது, ஆகஸ்டில் கிங்கே வந்து பேசினார். 1968இல்தான் முதல் கறுப்பின மாணவர்கள் உள்ளே போனார்கள். கிங் வெளியே நின்று பேசிய அதே மதிலுக்கு உள்ளே அவர் பெயரில் சேவை நாள் நடந்தது. நான் போனபோது இது தெரியாது. போர்வைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி சொன்னார். மதிலைப் பார்க்க வெளியே போய்விட்டு வந்தேன்.

கிங் போராட்டத் தலைவர். அவர் சேவையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா, இல்லை இவர்களாக ஒட்டவைத்ததா?

சொல்லியிருக்கிறார், நன்றாகவே. சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1968 பிப்ரவரி 4 அன்று, அட்லாண்டாவில் தன் எபனேசர் ஆலயத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். எல்லோருக்குள்ளும் ஊர்வலத்தில் முன்னால் போகும் ஆசை இருக்கிறது, அது தப்பில்லை, ஆனால் சேவையில் முன்னால் போங்கள் என்பது அதன் சாரம். எல்லோரும் பெரியவர்கள் ஆகலாம், ஏனென்றால் எல்லோராலும் சேவை செய்ய முடியும். அதற்குப் பட்டம் வேண்டாம், இலக்கணப் பிழை இல்லாமல் பேசவும் வேண்டாம் என்றார். பிறகு தன் சாவுச் சடங்கைப் பற்றியே பேசினார். எனக்கு நோபல் பரிசு கிடைத்ததைச் சொல்லாதீர்கள், எங்கே படித்தேன் என்று சொல்லாதீர்கள், மற்றவர்களுக்குத் தொண்டு செய்யப் பார்த்தான் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 9 அன்று அதே ஆலயத்தில் அவர் உடல் இருக்க, அந்தப் பேச்சின் ஒலிநாடாவைப் போட்டார்கள். தன் இரங்கலுரையைத் தானே செய்தவர்.

சரி, அன்றைக்கு உண்மையில் என்ன வேலை தருவார்கள்?

ஊரைப் பொறுத்தது. ஜனவரி என்பதால் வட மாநிலங்களில் பெரும்பாலும் கூரைக்குக் கீழே செய்யும் வேலைதான். பள்ளிகளில் வகுப்பறைக்குப் பெயின்ட் அடிப்பது, வீடில்லாதவர்களுக்கு சோப்பு, பற்பசை, காலுறை போட்டுப் பை கட்டுவது, போர்வை செய்வது, ரத்ததானம், முதியவர்களுக்குப் பனி தள்ளிக் கொடுப்பது. தெற்கே போனால் பூங்கா சுத்தம் செய்வது, கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய கறுப்பினக் கல்லறைத் தோட்டங்களில் புதர் வெட்டுவது. கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாம் போனவர்களுக்கு வாசனை பழக்கமானதாகவே இருக்கும். என்ன, இங்கே கையுறை கொடுப்பார்கள், சாப்பாட்டுக்கு சாம்பார் சாதம் கிடையாது.

அதிகம் பேர் போவது உணவு வங்கிக்கு. கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் நன்கொடையாக வரும் உணவைச் சேர்த்து, தரம் பார்த்து, ஊரில் இருக்கும் சின்னச் சின்ன விநியோக மையங்களுக்கு அனுப்பும் கிடங்கு அது. பிரிக்கும் மேசையில் நிற்கவைப்பார்கள். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரத் தையலில் நசுங்கியிருந்தால், உப்பியிருந்தால், துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தால் தூக்கி எறி. பக்கவாட்டில் லேசாக நெளிந்திருந்தால் பரவாயில்லை. தேதி தாண்டிவிட்டது என்பதற்காகவே எல்லாவற்றையும் குப்பையில் போடக் கூடாது என்பது நான் அங்கே கற்றது. அட்டையில் இருக்கும் பல தேதிகள் சுவை எதுவரை நன்றாக இருக்கும் என்று சொல்பவை. ஆனால் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மட்டும் ஒரு நாள் தாண்டினாலும் கூடாது.

இன்னொரு வேலை அரிசி கட்டுவது. பெரிய மூட்டையைப் பிரித்து இரண்டு பவுண்டு பொட்டலங்களாகப் போட வேண்டும். முதல் வருடம் என் மனைவியை அந்த வரிசையில் விட்டார்கள். தராசைப் பார்க்காமலே கைப்பிடிக் கணக்கில் சரியாகப் போட்டதைப் பார்த்து மேற்பார்வையாளர் நின்றுவிட்டார்.

முதல் வருடம் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்குத் தேவைக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் சும்மா நின்றோம். பிறகு ஏற்கெனவே அடுக்கிய பெட்டிகளை வேறு மூலைக்கு மாற்றி அடுக்கச் சொன்னார்கள். எங்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று கொடுத்த வேலை அது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. நிர்வாகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே ஒரே நாளில் வந்து நின்றால் என்ன செய்வார்கள்?

எப்படிப் பதிவு செய்வது? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

டிசம்பர் கடைசியிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு அப்புறம் பார்த்தால் இடம் இருக்காது. ஊர்ப் பெயரோடு கிங் நாள் சேவை என்று தேடினாலே நகராட்சி, நூலகம், ஆலயங்கள் நடத்தும் நிகழ்ச்சிகள் வரும். உங்கள் ஊரில் கறுப்பினத் திருச்சபை ஏதாவது ஏற்பாடு செய்தால் முதலில் அதற்குப் போங்கள் என்பேன். அங்கே வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பாட்டும் பேச்சும் இருக்கும், எதற்காக வந்தோம் என்று புரியும்.

குழந்தைகளுக்கு வயது வரம்பு ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். கிடங்கு வேலைக்குச் சின்னக் குழந்தைகளை விட மாட்டார்கள், அட்டை எழுதுவது, பை கட்டுவது மாதிரி வேலைக்கு விடுவார்கள். பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மூடிய ஷூ போட்டுப் போங்கள், செருப்போடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் செய்யலாமா? வேலை செய்ததாக ஆகிவிடாதா?

வாட்ஸப் குழுவில் அதிகம் வரும் கேள்வி இதுதான். லாப நோக்கமில்லாத தொண்டு அமைப்பில், யாரும் சம்பளம் வாங்காமல் பொதுவாகத் தன்னார்வலர்களே செய்யும் வேலையை, நீங்களும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் செய்தால் அது தொண்டுதான். சிக்கல் வருவது வேறு இடத்தில். ஒரு நிறுவனத்துக்கு இலவசமாக மென்பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு அதற்கு "வாலண்டியர்" என்று பெயர் வைப்பது தொண்டு ஆகாது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை அது. உங்கள் நிலைமையில் சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையோ வழக்கறிஞரையோ கேளுங்கள். பெட்டி அடுக்கப் போவதற்குப் பயப்பட வேண்டாம்.

போய் நிற்க நேரமில்லை. பருப்பு, டின் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கொடுக்கலாம். ஆனால் பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. நாம் கடையில் சில்லறை விலைக்கு வாங்குகிறோம், அவர்கள் மொத்தத்தில் வாங்குகிறார்கள். அதே பத்து டாலரில் அவர்களுக்குக் கூடுதல் உணவு கிடைக்கும், எது குறைவோ அதை வாங்கவும் முடியும். அலமாரியில் ரொம்ப நாளாக இருக்கும் பூசணிக்காய் டின்னைத் தள்ளிவிடும் நாளாக மட்டும் இதை ஆக்கிவிட வேண்டாம்.

அநீதியை எதிர்த்தவர் பெயரில் பெட்டி அடுக்குவதும் பெயின்ட் அடிப்பதும் அவரைச் சின்னதாக்குவது இல்லையா?

இந்தக் குற்றச்சாட்டு இங்கே பலமாகவே இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடு. மெம்பிஸுக்கு வருகிறேன் என்று சொன்னேனே, இங்கேதான்.

1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸில் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தூய்மைப் பணியாளர்கள் மழைக்குக் குப்பை வண்டியின் பின்பகுதிக்குள் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் பழுதாகி ஓட ஆரம்பித்தது. இருவரும் நசுங்கிச் செத்தார்கள். குப்பை அள்ளியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர். முழுநேரம் உழைத்தும் அரசு உதவி வாங்கிச் சாப்பிட வேண்டிய அளவுக்குத்தான் பலருக்குக் கூலி. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். "நான் ஒரு மனிதன்" என்று மட்டும் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்காகத்தான் கிங் அங்கே போனார், அங்கேதான் கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்து நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தது, கூலியை உயர்த்தியது.

மலக்குழியில் இறங்கிச் சாகும் மனிதர்களைப் பற்றி மாதம் ஒரு செய்தியாவது படிக்கும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தொழிலாளர்களுக்குக் கிங் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கவில்லை. கூலியை உயர்த்து, சங்கத்தை ஏற்றுக்கொள் என்று நகராட்சியிடம் கேட்டார். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைட் ஆலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியபோது இதை நேராகவே சொன்னார்: பிச்சைக்காரருக்குக் காசு எறிவது மட்டும் இரக்கம் ஆகாது, பிச்சைக்காரர்களை உண்டாக்கும் கட்டடத்தையே திருத்திக் கட்ட வேண்டும் என்று புரிந்துகொள்வதுதான் இரக்கம். அந்தப் பேச்சுக்காகப் பெரிய பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அதற்கு முன்பே, 1966 கேலப் கருத்துக்கணிப்பில், அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். எஃப்.பி.ஐ. அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. இப்போது எல்லாருக்கும் பிடித்த கிங்கை அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சேவை நாள் பேச்சுகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கம்பெனி டீ-ஷர்ட் போட்டுப் படம் எடுத்துப் போடும் கும்பலுக்கு அது தெரியவும் வேண்டியதில்லை போலிருக்கிறது.

அப்படியென்றால் போக வேண்டாமா? நான் போகிறேன். உணவு வங்கிக்குப் போன இரண்டாம் வருடம், விநியோக வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கடையின் சீருடையில் இருந்ததைப் பார்த்தேன். வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்கு வழியில்லை. மெம்பிஸில் 1968இல் இருந்த அதே நிலைமை. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தேடினேன். கையில் பெட்டியைத் தூக்காமல் இருந்திருந்தால் தேடியிருக்க மாட்டேன். சேவையையும் போராட்டத்தையும் இரண்டு எதிர்க்கட்சி மாதிரிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. வரிசையில் நிற்பவர்களோடு நாலு வார்த்தை பேசும்படியான வேலையைத் தேர்ந்தெடுங்கள், வாக்காளர் பதிவுக்கு உதவும் முகாம் இருந்தால் அதில் சேருங்கள். பெயின்ட் கடைசியில்.

இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே. 1959 பிப்ரவரி, மார்ச்சில் கிங்கும் கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றினார்கள். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகலாம், இந்தியாவுக்கு யாத்திரிகனாக வந்திருக்கிறேன் என்றார். நேருவோடு விருந்து சாப்பிட்டார், வினோபாவைச் சந்தித்தார், தெற்கே சென்னைக்கும் வந்தார்.

திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். தலைமை ஆசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் தன் மக்களை யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான், அமெரிக்காவில் உள்ள ஒவ்வொரு கறுப்பினத்தவனும் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக 1965இல் ஒரு பிரசங்கத்தில் நினைவுகூர்ந்தார்.

கன்னியாகுமரிக்கும் போனார். ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க, மறு பக்கம் நிலா எழுவதைப் பாறையில் உட்கார்ந்து பார்த்தார். சித்ரா பௌர்ணமிக்கு நம் ஜனம் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கும் அதே காட்சி. ஊருக்குத் திரும்பியதும் அதை ஈஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார்: ஒரு விளக்கு அணையும்போது கடவுள் இன்னொரு விளக்கை ஏற்றுகிறார் என்று.

இன்னொரு இழையும் இருக்கிறது. ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின மெதடிஸ்ட் இளைஞர் 1950களில் நாக்பூரில் சில ஆண்டுகள் பணியாற்றி, அறப்போராட்ட முறையைப் படித்துவிட்டு ஊர் திரும்பினார். நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்த மாணவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ், சேவை நாள் சட்டத்தைக் கொண்டுவந்தாரே அவரேதான். 1968இல் மெம்பிஸில் போதகராக இருந்தவரும், தூய்மைப் பணியாளர்களுக்காக வரச் சொல்லிக் கிங்கை அழைத்தவரும் இதே லாசன்தான்.

"ஹேப்பி எம்.எல்.கே. டே" என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிறந்தநாள்தானே. எனக்கு மட்டும் வாயில் வருவதில்லை.

அன்றைக்கு எது திறந்திருக்கும்?

தபால் அலுவலகம், வங்கி, நீதிமன்றம், பங்குச் சந்தை மூடியிருக்கும். பெரும்பாலான பள்ளிகளுக்கு விடுமுறை. கடைகளும் உணவகங்களும் வழக்கம்போல் திறந்திருக்கும். தனியார் நிறுவனம் லீவு விட வேண்டும் என்று சட்டம் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் லீவு கிடையாது. என்ன செய்ய?

ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. சொல்லப்போனால் உணவு வங்கிகளுக்கு ஆள் பற்றாக்குறை வருவது இந்தத் திங்கட்கிழமை அல்ல. நவம்பரிலிருந்து கிங் நாள் வரை கூட்டம் வரும், பிப்ரவரி பிறந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் போகும் இடத்தில் பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை காலையில் பிரிக்கும் மேசையில் நாலைந்து பேர்தான் நிற்போம். அரிசி வரிசைக்கு ஆள் தேவை. குழுவில் பெயர் கொடுங்கள், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, எட்டு மணிக்குக் கிளம்புவோம்.